தரையை நோக்கிய இறக்கை

நுழையும்முன்

அறிவியல் விதியொன்று ஆய்வகத்தில் எளிமையாகத் தோன்றும். பயன்பாட்டுக்கு வரும்போதுதான் அதன் மறுபக்கம் தெரியவரும். இத்தாலியின் மோன்சா பந்தயப் பாதையில் ஓடும் மகிழுந்துகளின் இறக்கையை எந்த அளவில் சாய்த்து வைப்பது என்னும் வினா அத்தகையது. வேகம் கூட வேண்டுமெனில் பிடிப்பைக் குறைக்க வேண்டும். பிடிப்பைக் குறைத்தால் உயிருக்கே உறுதியில்லை.

வானூர்தியின் இறக்கை அதனை வானில் உயர்த்துகிறது. பந்தய மகிழுந்தின் இறக்கையோ அதனைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. இரண்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. வடிவம் மட்டும் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டுள்ளது. பந்தய ஊர்தியின் இறக்கையில் வளைந்த பக்கம் கீழே அமைந்திருக்கும். அதன் அடியில் காற்று விரைந்து செல்வதால் அங்கு அழுத்தம் குறைகிறது. இறக்கை காற்றை மேல்நோக்கித் தள்ள, காற்று இறக்கையைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இதுவே கீழழுத்த விசை எனப்படும்.

ஊர்தியைத் தரையோடு அழுத்த வேண்டுமாயின் அதன் எடையைக் கூட்டினால் போதாதா என்று தோன்றலாம். போதாது. எடை கூடினால் சக்கரத்தின் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால், நிறை கூடிய ஊர்தியை வளைவில் திருப்புவதற்கும் விரைவில் நிறுத்துவதற்கும் அதே அளவில் கூடுதல் விசை தேவைப்படும். ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்துக்கொள்வது போன்றது இது. காற்று தரும் அழுத்தத்துக்கோ நிறை இல்லை. அது சக்கரத்தை அழுத்துமேயன்றி ஊர்திக்குச் சுமையாவதில்லை.

அந்த அழுத்தம் இலவசமாகக் கிடைப்பதன்று. இறக்கை எவ்வளவு செங்குத்தாக நிமிர்கிறதோ அவ்வளவுக்குக் காற்றுத்தடையும் மிகும். கீழழுத்த விசை, காற்றுத்தடை ஆகிய இரண்டுமே வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்பவை. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி 300 கி.மீ. வேகத்தை எட்டும்போது இவ்விரண்டும் நான்கு மடங்காகின்றன. அத்தடையை எதிர்த்து ஓட எந்திரம் தர வேண்டிய திறனோ எட்டு மடங்காகிறது. நேர்ப்பாதையின் இறுதியில் மணிக்கு ஐந்து கி.மீ. கூட்டுவது ஏன் அத்தனை கடினம் என்பது இதனால் விளங்கும்.

மோன்சாவின் கணக்கு

மிலன் நகருக்கு அருகில் 1922ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மோன்சா பாதையின் நீளம் 5.793 கி.மீ. ஒரு சுற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு தொலைவை ஓட்டுநர் முடுக்கியை முழுமையாக அழுத்தியபடியே கடக்கிறார். மொனாக்கோ நகரத் தெருக்களில் நடக்கும் பந்தயத்தில் வளைவுகள் நெருக்கமானவை, வேகமும் குறைவு. ஆகவே, அங்கு இறக்கைகளை இயன்ற அளவு நிமிர்த்தி வைப்பர். மோன்சாவுக்கு வரும்போது அதே ஊர்தியின் பின்னிறக்கை மெல்லிய பலகைபோல் ஏறத்தாழப் படுத்துவிடும். இந்த ஒரு பாதைக்கென்றே தனி இறக்கையை வடிவமைத்துக் கொண்டுவரும் குழுக்கள் உண்டு.

பின்னிறக்கையை மட்டும் படுக்க வைத்துவிட முடியாது. முன்பக்கம் வலுவாக அழுத்தப்பட்டுப் பின்பக்கம் இலேசாக இருந்தால், வளைவில் பின்சக்கரங்கள் வழுக்கி ஊர்தி சுழன்றுவிடும். எனவே, பின்னால் குறைத்ததற்கு ஈடாக முன்னாலும் குறைக்க வேண்டும். முன்னிறக்கையின் மடிப்பைச் சிறு கருவியால் சற்றே திருகி, சக்கரம் மாற்றும் சில நொடிகளுக்குள்ளாகவே இச்சமநிலையைத் திருத்தும் வழக்கமும் உள்ளது.

பிரேக்கை அழுத்தும் இடம்தான் கடினமானது. மோன்சாவின் முதன்மை நேர்ப்பாதையில் மணிக்கு 340 கி.மீ.க்கு மேல் வரும் ஊர்தி, முதல் நெளிவளைவுக்குள் நுழையுமுன் 100 கி.மீ.க்கும் கீழே இறங்கியாக வேண்டும். இறக்கை படுத்திருப்பதால் காற்றும் தடுத்து உதவாது. சக்கரமும் தரையை இறுகப் பற்றாது. நேர்ப்பாதையில் ஈட்டிய நேரம் இங்கே கரைந்துபோவதுண்டு.

ரின்ட்டின் முடிவு

இறக்கைகள் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 1968ஆம் ஆண்டு இடம்பெறத் தொடங்கின. மெல்லிய தண்டுகளின்மேல் உயரமாக நின்ற அவ்விறக்கைகள், மறு ஆண்டே ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் ஓட்டத்தின் நடுவே முறிந்து விழுந்தன. லோட்டஸ் குழுவின் ஊர்திகள் இரண்டும் நொறுங்கின. ஓட்டுநர்கள் கிரகாம் ஹில், யோகன் ரின்ட் இருவரும் உயிர் தப்பினர். அதன்பின் உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டன.

அதே ரின்ட் 1970 செப்டம்பரில் மோன்சாவுக்கு வந்தபோது, அவ்வாண்டின் ஐந்து பந்தயங்களில் வென்று பட்டத்தை நெருங்கியிருந்தார். அந்நாளில் மோன்சாவில் நெளிவளைவுகள் இல்லை; பாதை முழுவதும் வேகமே. நேர்ப்பாதை வேகத்தைக் கூட்டுவதற்காக அவரது ஊர்தியிலிருந்து இறக்கைகள் முழுவதும் கழற்றப்பட்டன. அவருடைய குழுவைச் சேர்ந்த ஜான் மைல்ஸ் அவ்வாறு ஓட்டிப் பார்த்து, ஊர்தி நேராகவே ஓடவில்லை என்று முறையிட்டார். ரின்ட்டுக்கு அத்தகைய குறை தோன்றவில்லை. செப்டம்பர் 5ஆம் நாள் நடந்த பயிற்சியில், இறுதி வளைவான பராபோலிகாவுக்கு முன் பிரேக்கை அழுத்தியபோது அவரது ஊர்தி நிலைதடுமாறித் தடுப்பில் மோதியது. அவர் உயிரிழந்தார். முன்சக்கரப் பிரேக்கின் தண்டு உடைந்தமை பின்னர்க் கண்டறியப்பட்டது. ஆகவே, இறக்கையின்மை ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எனினும், அத்தகைய பழுது நேரும் கணத்தில் ஊர்தியை நிலைநிறுத்தத் துணைநிற்கும் அழுத்தம் அதனிடம் இல்லாதிருந்தது என்பதை மறுக்க இயலாது. எஞ்சிய பந்தயங்களில் அவரது புள்ளிகளை எவரும் கடக்கவில்லை. இறந்தபின் உலகப் பட்டம் பெற்ற ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவரே.

ஒரே குழு, இரு விடைகள்

2010ஆம் ஆண்டு மோன்சாவில் மெக்லாரன் குழுவின் இருவரும் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தனர். அவ்வாண்டு அக்குழுவின் ஊர்தியில் ஒரு புதுமை இருந்தது. ஓட்டுநர் முழங்காலால் ஒரு துளையை மூடினால், குழாய்வழியே செல்லும் காற்று திசைமாறிப் பின்னிறக்கையின்மீது பாயும். இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்றோட்டம் குலைந்து தடை குறையும். ஜென்சன் பட்டன் இக்கருவியையும் பெரிய இறக்கையையும் வைத்துக்கொண்டார். லூயிஸ் ஹாமில்டன் கருவியைக் கழற்றிவிட்டு மெல்லிய இறக்கையைப் பொருத்தினார்.

நேர்ப்பாதையில் ஹாமில்டனே விரைந்தார். ஆனால், தகுதிச் சுற்றில் பட்டன் இரண்டாமிடம் பெற்றார். ஹாமில்டன் ஏறத்தாழ அரை நொடி பின்தங்கி ஐந்தாமிடமே பெற்றார். வளைவுகளில் இழந்ததை நேர்ப்பாதை ஈடுசெய்யவில்லை. இதனால் பட்டனின் விடையே சரியானது என முடிவு கட்டலாமா? பந்தயம் வேறொரு சோதனை. பின்னால் வருபவர் முன்னவரின் காற்று நிழலில் நுழைந்து நேர்ப்பாதையில் முந்த முயல்வார்; அப்போது மெல்லிய இறக்கைக்கே மதிப்பு. அதனைச் சோதித்தறியும் வாய்ப்பு கிட்டவில்லை. முதற்சுற்றிலேயே மற்றோர் ஊர்தியுடன் உரசி ஹாமில்டன் விலகினார். பட்டன் சக்கரம் மாற்றும் வரை முன்னிலையில் ஓடினார். அடுத்த சுற்றில் சக்கரம் மாற்றிய ஃபெராரியின் அலோன்சோ அவருக்கு முன்னே பாதைக்குத் திரும்பி வெற்றி பெற்றார்.

மறு ஆண்டில் அக்கருவி தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக, முந்துவதற்கு உதவும் வகையில் பின்னிறக்கையின் மேல்தகடு திறந்து மூடும் முறை விதிகளிலேயே இடம்பெற்றது. 2026ஆம் ஆண்டு விதிகளின்படி முன்னிறக்கை, பின்னிறக்கை இரண்டுமே நேர்ப்பாதையில் படுக்கவும் வளைவில் நிமிரவும் வல்லவை. பராபோலிகாவுக்கு முன் ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும் கணத்தில் அவை மீண்டும் நிமிர்ந்தாக வேண்டும்.