அலைகளுக்கு நடுவே ஒரு மடை

உங்கள் பள்ளி அட்லஸை விரித்து, 13 பாகை வட அட்சக்கோட்டைத் தேடுங்கள். சென்னை அதன் மேலேயே இருக்கும். பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியின் பெயர் அட்லஸில் இராது. ஆனால் அந்த ஊரும் அதே கோட்டருகில்தான் உள்ளது. இப்போது விரலை மேற்கே நகர்த்துங்கள். அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் எல்லாவற்றையும் கடந்தால் ஒரு சிறு புள்ளி வரும். அதுதான் கரீபியன் பகுதியிலுள்ள பார்படோஸ் தீவு. கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கார்பீல்டு சோபர்ஸ் பிறந்த மண் அது.

உலகெங்குமிருந்து மக்கள் விடுமுறையைக் கழிக்க அங்கே போகிறார்கள். கடலில் நீந்துகிறார்கள். மூச்சுக்குழாயும் கண்ணாடியும் அணிந்து மிதந்தபடியே பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் பார்க்கிறார்கள். அலைச்சறுக்குப் பலகையில் விளையாடுகிறார்கள். அதே அட்சக்கோட்டில் உள்ள நமது மெரினாவில் மட்டும் "குளிக்காதீர்கள்" என்று ஏன் எச்சரிக்கிறார்கள்?

ஒரே தீவு, இரண்டு கடல்

விடை பார்படோஸிலேயே இருக்கிறது. அத்தீவின் அகலம் சுமார் 23 கிலோமீட்டர். கரையான்சாவடியிலிருந்து மெரினாவுக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் அதன் இரு கரைகளும் இரண்டு விதம்.

அங்கே ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. கிழக்குக் கரைக்கு எதிரே ஆப்பிரிக்கா வரை தடுப்பதற்கு நிலமே இல்லை. திறந்த நீர்ப்பரப்பில் காற்று எவ்வளவு தூரம் தடையின்றி வீசுகிறதோ, அவ்வளவுக்கு அலைகள் வளரும். ஆகவே கிழக்குக் கரையில் பேரலைகள் மோதுகின்றன. அங்குள்ள பாத்ஷீபா என்னும் ஊர் அலைச்சறுக்கு வீரர்களுக்குப் புகழ்பெற்றது, நீந்துவோருக்கோ ஆபத்தானது. மேற்குக் கரையைத் தீவே மறைத்து நிற்கிறது. அதனால் அங்கே கடல் பெரும்பாலும் குளம்போல் இருக்கும். சுற்றுலாப் படங்களில் நாம் காண்பது இந்தக் கரையைத்தான்.

சென்னைக் கரை வங்கக்கடலை நேருக்கு நேர் பார்க்கிறது. நேர் கிழக்கே அந்தமான் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். எனவே நம் கரை பாத்ஷீபாவுக்குத்தான் உறவு!

நம்மிடமும் அமைதியான நீர் உண்டு. முட்டுக்காட்டின் உப்பங்கழியில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் படகுக் குழாம் நடத்துகிறது. அதற்குச் சற்றுத் தெற்கே, கோவளத்தின் திறந்த கடலில் அலைச்சறுக்கு நடக்கிறது. நீரின் இயல்பே விளையாட்டைத் தீர்மானிக்கிறது.

மடை திறந்த கடல்

அலை பெரிது என்பது மட்டுமே ஆபத்தல்ல. கரைக்கு வந்து உடையும் அலைகள் ஏராளமான நீரைக் கரைப்பக்கம் தள்ளிக் குவிக்கின்றன. அந்த நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரைக்குச் சற்று முன்னால் நீருக்கடியில் மணல்மேடு ஒன்று வரப்புப்போல் நீண்டிருப்பதுண்டு. அந்த வரப்பில் ஒரு பள்ளம் இருந்தால், குவிந்த நீர் முழுவதும் அதன் வழியே பாய்ந்து வெளியேறும். வயலில் மடை திறந்தால் என்ன ஆகுமோ அதேதான். இதை இழுவை நீரோட்டம் என்போம்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு தாம்பாளத்தின் குறுக்கே ஈர மணலால் வரப்பு கட்டி, நடுவில் விரலால் ஒரு வழி விடுங்கள். வரப்பின் ஒரு பக்கம் காகிதத் துணுக்குகளைப் போட்டு, அந்தப் பக்கமே மெல்ல நீர் ஊற்றுங்கள். துணுக்குகள் எந்த வழியாக ஓடுகின்றன என்று கவனியுங்கள்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அலை ஆழம் குறைந்த இடத்தில்தான் உடையும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை அவ்வளவாக உடையாது. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே கருநிறமாக ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரியும். "இங்கே அலை இல்லை, இறங்கலாம்" என்று தோன்றும். அதுவே மடை!

இந்த நீரோட்டம் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினாலும் ஒரே நிமிடத்தில் உங்களை 30 மீட்டர் கொண்டுபோய்விடும். சில வேளைகளில் அதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலகச் சாதனை படைத்தார். அவர் வேகமே விநாடிக்குச் சுமார் 2.15 மீட்டர்தான். கிணற்றில் நீந்திப் பழகிய நாம் எதிர்த்து நீந்தினால் என்ன ஆகும்? களைத்துப் போவோம். பலர் மூழ்குவது அந்தக் களைப்பினால்தான்.

சிக்கினால் என்ன செய்வது?

இழுவை நீரோட்டம் யாரையும் அடியில் இழுப்பதில்லை, கடலை நோக்கித்தான் தள்ளும். உடையும் அலைகளைத் தாண்டியதும் வலுவிழந்துவிடும். ஆகவே கரையை நோக்கிப் போராடாதீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். அதாவது கிணற்று நீரைவிட அடர்த்தி மிக்கது. அதில் மிதப்பது எளிது. நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை பொங்கும் இடத்துக்கு வந்து, அலைகளோடு சாய்வாகக் கரையேறுங்கள்.

வேறொருவர் சிக்கினால் நீங்கள் குதிக்காதீர்கள். கயிறு, காலிப் பிளாஸ்டிக் கேன் போன்ற மிதக்கும் பொருளை எறிந்து, பெரியவர்களையும் காவலர்களையும் கூப்பிடுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெண்ணிற நினைவு மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1930 டிசம்பர் 30 அன்று பிறர் உயிரைக் காக்க உதவித் தானே மூழ்கிய ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமிக்காக எழுப்பியது அது. கடலறிந்த மாலுமிக்கே அந்தக் கதி.

தெளிந்த வானத்தையும் நம்ப வேண்டாம். எங்கோ தென்பெருங்கடலில் வீசும் புயல் எழுப்பிய நெடிய அலைகள், பல நாட்கள் பயணம் செய்து நம் கரையைத் தாக்குவதுண்டு. இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் இத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வானொலியிலும் செய்திகளிலும் அவை வரும்.

சென்னை மெட்ரோவின் நான்காம் வழித்தடம் மெரினாவின் கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கத் திட்டமிடப்பட்டது. கரையான்சாவடியும் அதில் ஒரு நிலையம். ஏரியும் கிணறும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இனிக் கடல் பக்கம்தான். போகும்போது, கால் நனைக்கும் முன் பத்து நிமிடம் மணலில் நின்று அலைகளைக் கவனியுங்கள். நுரைக்கு நடுவே அந்தக் கரிய பட்டை தெரிகிறதா? தெரிந்தால் உடன் வந்த தம்பி தங்கையருக்குக் காட்டி, அது என்னவென்று விளக்கிச் சொல்லுங்கள்.