நாளிதழ் மேசையில் தொடங்கிய திறனாய்வு: பேராசிரியர் கைலாசபதி

கொழும்பிலிருந்து வெளிவரும் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை 1959இல் ஏற்றபோது கனகசபாபதி கைலாசபதிக்கு வயது இருபத்தாறு. கோலாலம்பூரிற் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பள்ளிக் கல்வி கற்று, பேராதனையிற் பட்டம் பெற்றவர் அவர். தமிழகச் சஞ்சிகைகளையே இலக்கியமென நம்பியிருந்த ஈழத்து வாசகருக்குத் தம் மண்ணின் எழுத்தாளரை அறிமுகஞ் செய்தது அவரது பெரும் பணி. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதையில் எழுதுதல் 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலர் பழித்த காலம் அது. அவ்வெழுத்தின் பக்கம் நின்று வாதாடியோருள் முதன்மையானவர் கைலாசபதி.

பின்னர் பேர்மிங்காம் சென்று, கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டு, அவை பாணரின் வாய்மொழி மரபில் விளைந்தவை என நிறுவ முயன்ற அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. பேர்க்லியில் தமிழ் போதித்த ஜோர்ஜ் ஹார்ட், 1975இல் வெளியிட்ட நூலில் வேறுவிதமாகக் கண்டார்: பாணரின் பாடலை முன்மாதிரியாகக் கொண்டு கற்றறிந்த புலவர் இயற்றியவையே அவை என்றார். இன்று பார்க்கையில் ஹார்ட்டின் வாதமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஆயினும் சங்கப் பாடலை உலக இலக்கியத்தின் நடுவே வைத்து வாதிடும் நிலையை உருவாக்கியோருள் கைலாசபதி முன்னிற்பவர்.

அவர்மீது குறை கூறியோரும் உளர். சமூக உள்ளடக்கத்தை அளந்த அளவுக்கு அழகியலை அவர் அளக்கவில்லை என்பது அக்குறை. மு. தளையசிங்கம் முற்போக்கு அணியினரைக் கடுமையாக விமர்சித்தார். அதில் நியாயமுண்டு.

1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். 1982 டிசம்பர் 6ஆம் நாள், நாற்பத்தொன்பதாவது வயதிற் காலமானார். அடுத்த யூலைக் கலவரத்தில் சிதறியோரிற் பலர் அவரது நூல்களையும் வீட்டோடு இழந்தனர். அவற்றுட் பல இன்று 'நூலகம்' மின்னூலகத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. ஹூஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ வளரும் பிள்ளைக்கு 'தமிழ் நாவல் இலக்கியம்' என்ற நூலை முதலிற் கொடுக்கலாம். நாவல் ஏன் பிறந்தது என்பதைச் சமூக வரலாற்றோடு சேர்த்து விளக்கும் நூல் அது. சங்க ஆய்வைப் பின்னர் வாசிக்கட்டும்.