மைனஸ் 11 மீட்டர்

பேரலில் இருக்கும் டீசலை ஹோஸ் வைத்து இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை உறிஞ்சி, சட்டென்று கீழே உள்ள கேனில் விடுவார்கள். பேரலின் விளிம்பை ஏறித் தாண்டி டீசல் தானாக இறங்கும். விளிம்பின் மேல் வளையும் இடத்தில் ஹோஸ் கிழிந்திருந்தால் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துபோகும். சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், அந்த வளைவுக்குள் இருப்பது மைனஸ் அழுத்தம்.

சென்னை தட்டையான ஊர். கழிவுநீர் தன் போக்கில் சரிந்து வெகுதூரம் போகாது. உந்து நிலையங்களின் கிணறுகளில் சேர்ந்து, பம்பு தள்ளித்தான் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேர்கிறது. இத்தகைய உந்து குழாயைப் பதிக்கும் முன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1993-ல் வெளியிட்ட ஈபாநெட் குடிநீர்க் குழாய்களுக்காக எழுதப்பட்ட மென்பொருள். உந்து குழாய்க்கும் உதவும். அது சில சமயம் மைனஸ் அழுத்தம் என்று எச்சரிக்கும். அதைக் கண்டும் காணாமல் போனால் என்ன ஆகும்?

ஒரு கணக்கு போடுவோம். அழுத்தத்தை நீர்த்தூணின் உயரமாக, மீட்டரிலேயே சொல்வோம். கிணற்று நீர்மட்டம் 2 மீட்டர். குழாய் 20 மீட்டர் உயர மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, 6 மீட்டரில் கொட்டுகிறது. உராய்வில் மேடு வரை 5 மீட்டரும் அதன்பின் 3 மீட்டரும் இழப்பு. மென்பொருள் இரு முனைகளை வைத்துக் கணக்கிடும்: ஏற்றம் 4, உராய்வு 8, ஆக 12 மீட்டர் பம்பு போதும். மேட்டின் உச்சியில் அழுத்தம்? கொட்டுமிடத்தின் 6-உடன் 3-ஐக் கூட்டினால் 9. குழாய் இருப்பதோ 20-ல். மைனஸ் 11.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. குழாய் முழுக்க நீர் நிறைந்து, டீசல் ஹோஸ் போல உறிஞ்சி இறக்கும் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. நிஜத்தில் மேட்டில் ஏர் வால்வு இருக்கும். காற்று உள்ளே வரும். மறுசரிவில் கழிவுநீர் வாய்க்கால் போலக் குழாயின் அடியை ஒட்டி ஓடும். அப்படியானால் பம்பு தூக்க வேண்டியது 4 அல்ல, 18 மீட்டர். உராய்வு சேர்த்து 23. 12 மீட்டர் பம்பை வாங்கி வைத்தால் கிணறு நிரம்பி, சாக்கடை தெரு மேன்ஹோலில் பொங்கும், வீட்டு வாசலில் நிற்கும். மேட்டையே கொட்டுமிடமாக வைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் சரி.

மைனஸ் 11 என்ற எண்ணே நடவாதது. கடல்மட்டத்தில் காற்றின் எடை 10.3 மீட்டர் நீருக்குச் சமம்; அதற்குக் கீழே உறிஞ்ச ஒன்றும் மிச்சமில்லை. உறிஞ்சு பம்பால் ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் நீரை இழுக்க முடியவில்லை என்று 1638-லேயே கலிலியோ எழுதினார். காரணம் காற்றின் எடை என்று டாரிசெல்லி கண்டார். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் அந்த எல்லை 8 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மைனஸ் 2, 3 நடக்கக்கூடியது. மைனஸ் 80 வந்தால் முதலில் மட்டக் கணக்கைப் பாருங்கள், 10.2 என்பது 102 ஆகியிருக்கலாம்.

இவை சீராக ஓடும்போது வரும் மைனஸ். மின்சாரம் போகும் நொடியில் வருவது வேறு. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த நீர் சட்டென நின்றால், இரும்புக் குழாயில் சுமார் 100 மீட்டர் அளவுக்கு அழுத்தம் மாறும். மாஸ்கோ நீர்க் குழாய்களில் சோதித்து 1898-ல் ரஷ்ய அறிஞர் ஜுகோவ்ஸ்கி நிறுவிய விதி இது. பம்பு நின்றதும் அழுத்தம் சரிந்து மைனஸ் 10-ஐ நெருங்கினால், நீர் சூடேறாமலே கொதிக்கும். நீர்த்தூண் அறுபட்டு நடுவே ஆவி நிற்கும். பிரிந்த தூண்கள் திரும்பி வந்து மோதும்போதுதான் குழாய் வெடிக்கிறது. அந்த ஆவிக்குழியைக் கணக்கில் சேர்க்காத மென்பொருள் மைனஸ் 40 என்று அச்சடிக்கும். அதற்குப்பின் அது காட்டும் உச்ச அழுத்தத்தையும் நம்ப முடியாது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய் என்றால் மோதலுக்கு முன்பே நசுங்கலாம்.

கணினி மாதிரியில் ஓர் ஏர் வால்வைச் சேர்த்தால் மைனஸ் மறைந்துவிடும். குடிநீரில் அது போதலாம். கழிவுநீரில் எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் வால்வின் மிதவையில் அப்பிக்கொள்ளும். காற்று தேவைப்படும் நொடியில் அது திறக்காது. அந்த வால்வு அடைத்துக் கிடப்பதாக வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குழாயின் தடிமனை அப்போது வரும் அழுத்தத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.