தானாக வளரும் வீட்டுத்தோட்டம்

தோட்டஞ் செய்து பழகாதோர், மாரி மழைக்கு வளவில் முளைத்த யாவற்றையுங் களையென்று கருதி மண்வெட்டியாற் செருக்கி எறிந்துவிடுவதுண்டு. அவற்றோடு கறிக்குதவும் பயிர்களும் அழிந்துபோகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஐப்பசி மழை விழுந்ததும், அடுக்களைக் குப்பை கொட்டிய இடத்திற் பூசணியும் பாகலும் தக்காளியும் தாமாகவே முளைக்கும். கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படரும். புதியவர் முதற் போகத்தில் இவற்றை வளரவிட்டு, இலையையும் பூவையும் பார்த்துப் பழகுதல் நன்று. ஐயமான செடியை அனுபவமுள்ளோரிடமோ விவசாயப் போதனாசிரியரிடமோ காட்டி அறியாமல் உண்ணலாகாது.

வளரவிடுதல் வேறு, கைவிடுதல் வேறு. பார்த்தீனியம் என்னும் நச்சுக்களைக்கு இடங்கொடுத்தலாகாது. அதன் இலை கரட் இலையை ஒத்தது. பூ சிறியது, வெண்மையானது. முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்திற் பூக்கத் தொடங்கும். ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கவல்லது. அது தோலில் அரிப்பையும், சிலருக்கு மூச்சிழுப்பையும் உண்டாக்கும். ஆகையால், கையுறை அணிந்து, பூக்குமுன்னரே வேரோடு பிடுங்கல் வேண்டும். பூத்த செடியைக் கூட்டெருக் குழியில் இடலாகாது. புதருள் மறைந்த சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். அவற்றையும் அகற்றுதல் வேண்டும்.

ஏனைய புல்லை விதை முற்றுமுன் அறுத்துப் பயிரின் அடியைச் சுற்றிப் பரப்பினால், செம்மண்ணின் ஈரம் விரைவிற் காயாது.

இவ்வாறு ஒரு மாரியைக் கண்டவர், வளவில் நீர் தேங்குமிடத்தையும் நிழல் விழுமிடத்தையும் அறிந்துகொள்வார். அடுத்த போகத்திற் கத்தரியையும் மிளகாயையும் எங்கு நடுவதென்பதில் அவருக்குத் தடுமாற்றம் இராது.