வெடி விபத்தில் கண்ணாடியே முதல் எதிரி

கிடங்கு வைத்து வியாபாரம் செய்பவர்கள் நாம். தீயணைப்புக் கருவி மாட்டுகிறோம், இன்சூரன்ஸ் கட்டுகிறோம். ஆனால் ஒரு சரக்கு வெடித்தால் மனித உடலுக்கு என்ன நேரும் என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை.

4-8-2020 அன்று லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 12-ஆம் எண் கிடங்கில் தீப்பிடித்தது. அங்கே 2014 முதல் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. இறக்கியபோது 2,750 டன். எழுந்த புகையைப் பலர் ஜன்னலருகே நின்று பார்த்தனர். சற்று நேரத்தில் சரக்கு வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர். அவர்களில் ஏராளமானோரைக் கிழித்தது உடைந்த கண்ணாடிதான். 1917 டிசம்பர் 6-இல் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோதும், ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்த பலர் கண்ணை இழந்தனர்.

வெடிக்கும்போது காற்று இறுகி ஒரு சுவர்போலப் பாய்கிறது. அது உடலில் காற்று உள்ள இடங்களையே முதலில் தாக்கும். செவிப்பறை கிழியும்; அழுத்தம் இன்னும் கூடினால் நுரையீரலில் இரத்தம் கசியும், குடலும் கெடும். வெளியே ஒரு கீறல்கூட இராது. அடுத்து, பறந்து வரும் கண்ணாடியும் தகரமும் உடலைத் துளைக்கும். காற்றின் வேகம் ஆளையே தூக்கிச் சுவரில் அடிக்கும். தீப்புண்ணும் புகையும் தனி.

செவிப்பறையைக் கிழிக்கும் அழுத்தத்தில் சிறு பங்கே ஜன்னல் கண்ணாடியை நொறுக்கிவிடும். அதனால்தான் வெகு தொலைவில் இருப்பவரும் காயப்படுகிறார்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அன்று. சென்னை மணலியில் பறிமுதலாகிப் பல ஆண்டுகள் கிடந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், பெய்ரூட் விபத்துக்குப் பிறகே ஏலம் விடப்பட்டு ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.

எனவே கடை ஊழியர்களுக்கு நான்கு செய்திகளைச் சொல்லி வையுங்கள்.

1. எங்கேனும் பெரும் தீ தெரிந்தால், கண்ணாடிக் கதவருகே நின்று பார்க்காதீர்கள்.

2. பெரும் ஒளி தெரிந்தால் உடனே குப்புறப் படுத்துத் தலையை மூடுங்கள். ஒரு கிலோமீட்டர் தொலைவு என்றால், சத்தம் வர ஏறத்தாழ 3 நொடி இருக்கிறது.

3. உடலில் குத்தி நிற்கும் கண்ணாடியைப் பிடுங்காதீர்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள்.

4. வெடித்த இடத்தருகே இருந்தவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

சரக்கு போனால் மறுபடி வாங்கலாம். கண் போனால் எந்தச் சந்தையிலும் கிடைக்காது.