லோங்கேவாலா மணலில் இரண்டு கண்கள்

லோங்கேவாலா என்றதும் நினைவுக்கு வருவது 1971 டிசம்பரில் அங்கே நடந்த சண்டைதான். ஜெய்சல்மேர் மாவட்டத்தின் எல்லையோரத்தில் இருக்கும் அந்த இடத்தின் பெயரை ஓர் ஓணானும் சுமந்துகொண்டிருக்கிறது. 1978இல் ஆர். சி. சர்மா அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தபோது, ஊர்ப்பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அதன் பெயர் பூஃபோனிசெப்ஸ் லாங்வாலயென்சிஸ். முதற்பாதிக்குத் 'தேரைத்தலையன்' என்று பொருள். தார் பாலைவனத்து மணற்குன்றுகளை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது.

அதைத் தேடிக் கேமராவும் கையுமாகப் போகிறவர்களில் பலர் வெறும் மணலைப் படம்பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். படத்துக்குள் ஓணான் இருந்திருக்கவும் கூடும்! விரல் நீள உடம்பு, மணலின் நிறம், அதன்மேல் மணற்பொடி தூவியது போன்ற புள்ளிகள். நிறத்தைவிடப் பெரிய தந்திரம் தட்டையான வடிவம். ஒரு பிராணியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் நிழல்தான். தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும் உடம்புக்கு விழ நிழலே இல்லை.

நெருங்கிவிட்டாலும் அது ஓடியே தீர வேண்டும் என்பதில்லை. உடம்பைப் பக்கவாட்டில் வேகமாக நடுக்குகிறது. சில நொடிகளில் மணலுக்குள் இறங்கிவிடுகிறது. உலர்ந்த மணற்பரல்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொண்டிருப்பதால்தான் மணல் நம் எடையைத் தாங்குகிறது. அதிர்வு கொடுத்தால் அந்தப் பிடி தளர்ந்து மணல் இளகி ஓடும். ஓணான் கீழே போக, மணல் மேலே வந்து மூடும். சில வேளைகளில் மிஞ்சுவது கண்களும் மூக்குநுனியும் மட்டும்.

ஆகவே ஓணானைத் தேடாதீர்கள், அதன் எழுத்தைத் தேடுங்கள் என்பேன். காற்று எழுவதற்கு முன்னால் குன்றின் மேற்பரப்பு அழிக்காத சிலேட்டுப் பலகை. இருபுறமும் சின்னச் சின்னக் கால்தடங்கள், நடுவே வால் இழுத்த கோடு என்றால் பல்லியினம். கோடில்லாமல் பொடிப்பொடித் தையல் போட்டதுபோல் போனால் வண்டு. தடம் ஓரிடத்தில் சட்டென்று நின்று, அப்பால் தொடரவில்லையா? அங்கேயே நில்லுங்கள்.

எப்போது போவது என்பதைக் கடிகாரம் சொல்லாது, வெப்பம் சொல்லும். 1944இல் கௌல்ஸ், போகெர்ட் என்ற இருவர் கலிபோர்னியப் பாலைவனப் பல்லிகளின் உடல் வெப்பத்தை அளந்து பார்த்தார்கள். 'குளிர்ரத்தப் பிராணி' என்ற பட்டம் எவ்வளவு தவறு என்று அப்போது புரிந்தது. வெயிலுக்கு வருவதும் நிழலுக்கு நகர்வதுமாக இருந்தே அவை தம் வெப்பத்தைக் குறுகிய வரம்புக்குள் வைத்திருக்கின்றன. பகலில் நடமாடும் பாலைப் பல்லிகள் பலவற்றுக்கு அது 35 முதல் 40 டிகிரி வரை; நம் உடல் வெப்பத்துக்குப் பக்கம்தான். நாம் அதற்குச் சோற்றைச் செலவழிக்கிறோம், அவை நடையைச் செலவழிக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்கச் சாண்டா என்ற பல்லியிடம் போக வேண்டும். முள் வளையங்கள் அடுக்கிய தடித்த வாலும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமும் கொண்ட, இலைதழை தின்னும் பிராணி. மணற்குன்று இதற்கு ஆகாது. இறுகிய தரையில் இரண்டு மீட்டருக்கு மேலும் நீளும் வளை தோண்டிக்கொள்ளும். காலையில் வளைவாயில் தலைநீட்டும்போது தோல் சிலேட்டுக் கருமையாக இருக்கும். கறுப்பு வெயிலை வாங்கும் அல்லவா? சூடேற ஏற அதே தோல் வெளிறி மணல்மஞ்சளாகிறது. முக்காலியில் கேமராவை அசையாமல் வைத்து, சில நிமிடத்துக்கொரு படம் எடுத்தால் இந்த நிறமாற்றம் முழுவதும் கிடைத்துவிடும். தனி ஒரு நல்ல படத்தைவிட இந்த வரிசை எனக்கு மேலானது.

குளிர்ந்த பல்லி மெதுவாக ஓடும், எளிதாக நெருங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1964இல் ஸ்டான்லி ராண்ட் ஜமைக்காத் தீவின் பல்லியினம் ஒன்றில் இதற்கு நேர்மாறாகக் கண்டார்: உடல் குளிர்ந்திருக்கும்போதுதான் அவை அதிக தூரத்திலேயே அஞ்சி ஓடின. கால் எழாதவன் முன்கூட்டியே கிளம்புவதுபோல. ஆகவே சாண்டா வெயில் காய்ந்து முடிக்கும்வரை பொறுத்திருப்பது நமக்கே லாபம். அதற்கும் வளைக்கும் நடுவே மட்டும் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

ரொம்பவும் பொறுத்தால் வேறு தொல்லை. சுட்ட தரைக்கு மேல் காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு சூட்டில் அலைகிறது. ஒவ்வோர் அடுக்கும் ஒளியைச் சற்றே வளைக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கு லென்ஸ் ஆனாலும் படம் கொதிநீருக்குள் பார்த்ததுபோல் குழையும். மணலில் வயிறு பதியப் படுத்து, ஓணானின் கண்மட்டத்தில் குவியம் வைக்க முடிகிற நேரம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம்.

நேரத்தை மிச்சம்பிடிக்கப் பல்லியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து, மரத்துப்போனபின் எடுத்துவைத்துப் படமெடுக்கிறவர்களும் உலகில் உண்டு. அதைப் புகைப்படக்கலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெருவில் ஓணானைக் கண்டால் கல்லெடுத்த பிள்ளைகளாக வளர்ந்த நாம் இதில் யோக்கியம் பேசுவதும் சிரமம்தான். சாண்டாவுக்குக் கேமராவைவிடப் பெரிய பகை எண்ணெய் வியாபாரிகள். அதன் கொழுப்பை உருக்கி, மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் மருந்தென்று பாகிஸ்தானின் தெருவோரங்களில் வெளிப்படையாக விற்கிறார்கள். சட்டம் தடுத்தும் இந்தியப் பக்கத்திலும் வேட்டை நிற்கவில்லை. பிடித்த பிராணி ஓடாதிருக்க முதுகெலும்பை முறித்து, உயிரோடே வைத்திருப்பார்கள்.

பொழுது சாயும்போது சாண்டா வளைக்குள் இறங்கி, உள்ளிருந்தபடியே மண்ணைத் தள்ளி வாயிலை அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் வெளுத்துக் காய்ந்த தரை. அந்த ஓரிடத்தில் மட்டும் புதிதாகத் தள்ளிய மண்.