ஓவனைப் போட்டதும் வீடே இருளாகிறதா?

தீபாவளிக்குப் பலகாரம் செய்ய, பல மாதங்களாகச் சும்மா கிடந்த மின்சார ஓவனை எடுத்து வைப்பார்கள். சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடும். காரணம் என்ன?

மின்பெட்டியில் எந்த விசை விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். எம்சிபி எனும் சிறிய விசை என்றால் மின்பளு கூடிவிட்டது அல்லது ஷார்ட் சர்க்கியூட் ஏற்பட்டுள்ளது. 2,000 வாட் ஓவன், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதே இணைப்பில் கெட்டிலும் இஸ்திரிப்பெட்டியும் ஓடக்கூடாது.

ஆர்சிசிபி விழுந்திருந்தால் அது மின்கசிவு. சிங்கப்பூர் வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஓவனின் சூடேற்றும் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூள் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் நாள்பட்டுக் கிடந்தால், விளிம்பு அடைப்பு தளர்ந்த குழாயில் தூள் ஈரத்தை உறிஞ்சும், மின்சாரம் கசியும்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, விசையை மேலே தள்ளி, ஓவனை மட்டும் போடுங்கள். உடனே விழுந்தாலும் சூடேறியபின் விழுந்தாலும் கோளாறு பெரும்பாலும் ஓவனில்தான். தனியாக ஓடி, மற்றவற்றுடன் சேர்ந்தால் மட்டும் விழுகிறதா? குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் சிறு கசிவுகளும் சேர்ந்திருக்கலாம்.

ஆர்சிசிபியைத் தவிர்த்து இணைப்புக் கொடுப்பதும் எர்த் கம்பியைக் கழற்றுவதும் உயிருக்கே உலை வைக்கும். பிறகு ஓவனின் இரும்பு உடலைத் தொடுபவர் வழியாகவே மின்சாரம் பாயும். சிங்கப்பூரில் 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த விதிமுறை, வீடுகளில் ஆர்சிசிபியைக் கட்டாயமாக்கியதும் இதனால்தான். ஓவனின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே சரி.